நடிகவேளுக்குத் திருவடியா?

செப்டம்பர் 17. காலை ஒன்பது மணி. ஊத்தங்கரைப் பேருந்திலிருந்து மத்தூரில் இறங்கினேன். இறங்கியதும் கண்ணிலே பட்டது, இரண்டு சவுக்குக் கழிகளுக்கு நடுவே விறைத்து நின்ற ஒரு ஃபிளெக்ஸ் பலகை. அதிலே எம்.ஆர். ராதா! 'ரத்தக்கண்ணீர்' மோகனசுந்தரம் வேடம். தோலெல்லாம் தடித்துத் திரிந்த முகம். ஆனால் அந்த முகத்துக்குப் பின்னே, அம்மன் படத்துக்குப் போடுவதுபோல ஓர் ஒளிவட்டம்! கீழே கொட்டை எழுத்திலே: "பகுத்தறிவின் தெய்வமே! நடிகவேளே! நின் திருவடி பணிகிறோம்!" அதற்கும் கீழே, பணிகின்றவர்களின் முகங்கள், கைப்பேசியைக் காதிலே வைத்தபடி வரிசை வரிசையாக. பலகையின் காலடியிலே ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளியிலே பால்.

அந்தப் பால் எதற்கு என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. ஆயினும் கேட்டேன்.

"அபிஷேகம் பண்ணப் போறோம் அண்ணா. எல்லா நடிகனுக்கும் ஊத்துறானுங்க. நம்ம ஆளுக்கு ஊத்தக் கூடாதா?" என்றான் கருஞ்சட்டை அணிந்த ஒரு தம்பி. கேலியாகச் சொல்லவில்லை. அன்பாற் சொன்னான். அதுதான் என் நெஞ்சைச் சுட்டது.

அந்தத் தம்பிமார்களை நான் அறிவேன். ஒருவன் போச்சம்பள்ளி சிப்காட்டிலே காலணித் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்துவிட்டு, கண்ணிலே தூக்கத்தோடு வந்து நிற்கிறான். இன்னொருவன் ஒசூரிலே இயந்திரம் ஓட்டுகிறான்; வாரம் ஒருமுறை ஊர் திரும்புகிறான். ஒருவன் மாங்கூழ்த் தொழிற்சாலையில் பருவ வேலை பார்ப்பவன். மற்றொருவன் இன்னும் கல்லூரி மாணவன். நெற்றியிலே நீறில்லை, கையிலே கயிறில்லை, சாதிப்பெயரை வாலாக ஒட்டிக்கொள்வதில்லை. நல்ல பிள்ளைகள். நம் பிள்ளைகள். அதனாலேதான் இதை எழுதுகிறேன். ஊரார் நடிகனுக்குப் பால் ஊற்றினால் அது ஊராரின் மடமை. நாம் ஊற்றினால் அது நம் தோல்வி.

எவருக்கு ஊற்றுகிறோம் என்பதை எண்ணிப் பார்த்தோமா, தோழர்களே? கற்சிலையின் தலையிலே பால் வழிய, சிலைக்கு வெளியே பிள்ளை வயிறு காய்வதைக் கண்டு எள்ளி நகையாடிய மேடைக்காரருக்கு! நடிகனைக் கண்டால் வாய் பிளந்து நிற்பது மடமை என்று, கைதட்டிக் கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தே சொன்ன நடிகருக்கு! கூத்தாடி என்று தம்மைத் தாமே அழைத்துக்கொண்டு, அந்தச் சொல்லை இழிவென்று கருதாத ஒருவருக்கு! அவர் இன்று உயிரோடிருந்து இந்த வழியாகப் பேருந்தில் போயிருந்தால் என்ன செய்திருப்பார்? இறங்கி வந்து, அந்த வாளியை எடுத்து, ஒரு தேநீர்க் கடைக்காரரிடம் கொடுத்து, "இந்தப் பசங்களுக்கு ஆளுக்கொரு டீ போடுய்யா" என்றிருப்பார் என்று நினைக்கிறேன். குரலை மட்டும் தாழ்த்தியா, உயர்த்தியா என்பதுதான் தெரியாது. அந்தக் குரல் எங்கே கரகரக்கும், எங்கே கீச்சிடும் என்று கூட நடித்தவர்களாலேயே சொல்ல முடிந்ததில்லை.

அவருடைய வாழ்க்கையைச் சற்றுப் பார்ப்போம். பார்த்தால், ஒளிவட்டம் வரைய எங்கும் இடம் கிடைக்காது.

1907 ஏப்ரல் 14 அன்று சென்னை சிந்தாதிரிப்பேட்டையிலே பிறந்தவர். மதராஸ் ராஜகோபால் ராதாகிருஷ்ணன் என்பது எம்.ஆர். ராதா ஆயிற்று. தந்தை பட்டாளத்துக்காரர், முதல் உலகப் போரிலே மாண்டார். பிள்ளைகளை வளர்த்தது தாய். ஒரு நாள் சாப்பாட்டிலே ஒரு துண்டு மீன் கூடக் குறையப் போன சண்டையிலே சிறுவன் வீட்டை விட்டு ஓடினான். எழும்பூர் ரயில் நிலையத்திலே மூட்டை தூக்கப் போனவனை, ஆலந்தூர் டப்பி ரங்கசாமி நாயுடு என்பவர் தம்முடைய நாடகக் கம்பெனிக்கு அழைத்துக்கொண்டு போனார். ஆகவே, கலைமகள் கனவிலே வந்து நாவிலே எழுதவில்லை. முன்வினைப் பயன் முளைத்தெழவில்லை. ஒரு துண்டு மீனும் ஒரு தகரப் பெட்டியும்தான் தமிழகத்துக்கு அந்த நடிகரைத் தந்தன.

பாய்ஸ் கம்பெனி என்றால் என்னவென்று இன்றைய இளைஞருக்குத் தெரியாது. ஏழை வீட்டுப் பிள்ளைகளைச் சோற்றுக்கும் துணிக்கும் எடுத்துக்கொண்டு, ஊர் ஊராகக் கொட்டகை போட்டு, வள்ளியாகவும் முருகனாகவும் ராமனாகவும் சீதையாகவும் ஆட வைத்து, பாடம் தப்பினால் பிரம்பால் அடித்து வளர்த்த அமைப்பு அது. குரல் உடைந்ததா? ராஜபார்ட் போயிற்று. திரை இழுக்கப் போகலாம். இல்லையேல் தெருவுக்குப் போகலாம். தொழிற்சங்கமும் கிடையாது, தொழிலாளி என்ற பெயரும் கிடையாது. ஜெகன்னாத அய்யர் கம்பெனி முதலாகப் பல கொட்டகைகளிலே ராதா வளர்ந்தார். நடிப்போடு நிற்கவில்லை, மின்விளக்கு வேலை கற்றார், மோட்டார் வண்டியைப் பிரித்துப் பூட்டக் கற்றார். மேடையிலே நின்றவர் மேடைக்குக் கீழே ஓடும் கம்பியையும் அறிந்திருந்தார். ஒசூரிலே இயந்திரம் ஓட்டும் தம்பிக்கு இது புரியும். அவர் கலைஞர் மட்டுமல்லர், கைத்தொழிலாளி.

1937இல் 'ராஜசேகரன்' படத்தின் வழியே திரைக்கு வந்தார். 1939இல் 'பம்பாய் மெயில்', 1940இல் 'சத்தியவாணி'. பிறகு என்ன செய்தார் தெரியுமா? திரையை விட்டு மேடைக்குத் திரும்பிப் போய்விட்டார்! மற்றவர்கள் மேடையை ஏணியாக்கித் திரைக்கு ஏறிக்கொண்டிருந்த காலத்திலே இவர் இறங்கினார். ஓராண்டு, ஈராண்டு அல்ல, 1954 வரையிலே. 'இழந்த காதல்', 'லட்சுமிகாந்தன்', 'போர்வாள்' என்று நாடகங்கள். கருணாநிதி எழுதிய 'தூக்குமேடை'யை நடத்தினார். அந்த நாட்களிலே அவர் சூட்டிய 'கலைஞர்' என்ற பட்டம்தான் பிற்காலத்திலே முதலமைச்சரின் பெயராகவே நிலைத்துப் போயிற்று. பட்டம் கொடுத்தவரே பின்னாளில் பட்டங்களைக் கேலி செய்தார் என்பது வேறு கதை.

திருவாரூர் தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்' அவரை ஊர் ஊராகக் கொண்டு சென்றது. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை நாடகம் பார்த்துப் பழகிய நாடு இது. நம் வட்டாரத்திலே இன்றும் திரௌபதி அம்மன் திருவிழாவென்றால் பகலெல்லாம் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்தாடி, இறுதி நாளிலே மண்ணால் துரியோதனனைப் படுக்கவைத்துப் படுகளம் காண்கிறார்கள். அந்தக் கூத்தர்களை எண்ணிப் பாருங்கள். இரவு முழுதும் கிரீடம். விடிந்ததும் அரிதாரத்தைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு முதற் பேருந்திலே ஏறுகிறவன். இரவிலே அவன் துரியோதன மகாராசன், பகலிலே, "நீ எந்த ஊரு, எந்த ஆளு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன். 'கூத்தாடி' என்ற சொல்லை வசையாக்கியது எது? சாதிதான். வயலிலே உழுதவனையும் தோலிலே பதப்படுத்தியவனையும் தாழ்த்திய அதே சாதி, முகத்திலே வண்ணம் பூசியவனையும் தாழ்த்திற்று.

இன்று அதே சமுதாயம் நடிகனுக்கு நாற்பதடிக் கட்டவுட் வைக்கிறது. முன்னேற்றம் என்கிறீர்களா? நான் இல்லை என்கிறேன். அன்று, "நீ எங்களுக்குச் சமமான மனிதனல்லன், கீழே நில்" என்றது. இன்று, "நீ எங்களுக்குச் சமமான மனிதனல்லன், மேலே நில்" என்கிறது. இரண்டிலும் சமம் இல்லை. இரண்டிலும் அவன் கூலிக்கு வேலை செய்யும் ஒரு மனிதன் என்ற செய்தி மறைக்கப்படுகிறது. மேலும் கீழுமாக மனிதரை அடுக்கிப் பார்த்தே பழகிய கண், நேராகப் பார்க்க மறந்துவிட்டது. அந்தக் கண்ணோடுதான் நம் தம்பிமார்களும் ராதாவைப் பார்க்கிறார்கள்.

1954 என்ற ஆண்டை நினைவில் வையுங்கள். அந்த ஆண்டிலே இரண்டு நிகழ்ந்தன. கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்திலே 'ரத்தக்கண்ணீர்' படமாக வெளிவந்தது. ராதா பட்டிதொட்டியெல்லாம் பேசப்பட்டார். அதே ஆண்டிலே, அவருடைய 'ராமாயணம்' நாடகம் கண்டு ஆத்திகர் கொதித்தெழ, சென்னை மாகாண அரசு நாடகச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு கை தோளிலே மாலையிட்டது. மற்றொரு கை வாயைப் பொத்தியது!

அந்தச் சட்டத்தின் வழிவந்த வரலாறு சுவையானது. நாடகத்தைக் கண்டு அஞ்சிய அரசு, காங்கிரசு அரசு மட்டுமல்ல. 1876இலேயே வெள்ளையன் நாடகச் சட்டம் போட்டான். கல்கத்தாவிலே வங்க நாடகக்காரர்கள் வேல்சு இளவரசரின் வருகையையும், அவருக்கு வால்பிடித்த பெரிய மனிதரையும் மேடையிலே கேலி செய்ததைப் பொறுக்காத நார்த்புரூக் பிரபு முதலில் அவசரச் சட்டம் பிறப்பித்தார். பிறகு அது சட்டமாயிற்று. வெள்ளையனை எதிர்த்துச் சிறை சென்றவர்கள், வெள்ளையன் விட்டுச்சென்ற பூட்டையே எடுத்து, ஒரு தமிழ் நாடகக் கொட்டகைக்குப் பூட்டினார்கள். சுதந்திரம் வந்து ஏழே ஆண்டுகள்!

சட்டம் கேட்டது என்ன? நாடகத்தின் எழுத்துப் படியை அதிகாரிகள் கேட்டால் கொடு. ஆட்சேபகரமானது என்று அரசு கருதினால் நிறுத்து. ராதாவுக்கு இதைவிடப் பொருந்தாத சட்டம் வேறு இருக்க முடியாது. ஏனென்றால் அவருடைய நாடகத்துக்கு முற்றிய படி என்ற ஒன்றே கிடையாது! காலையிலே ஏட்டைப் புரட்டுவார். அதிலே வந்த செய்தி இரவிலே மோகனசுந்தரத்தின் வாயிலே வரும். நேற்றுப் பார்த்தவன் இன்றும் வருவான். ஏனெனில் நேற்று வந்த வசனம் இன்று வராது. எழுதிக் கொடு என்று கேட்டால் எதை எழுதிக் கொடுப்பது? நாளைக்கு வரப்போகும் ஏட்டையா? அரசு தடை செய்ய நினைத்தது ஒரு நாடகத்தை மட்டுமல்ல. அன்றன்று நடப்பதை அன்றன்றே பொதுமக்கள் முன் பேசும் பழக்கத்தை.

உள்ளம் புண்படுமென்று கருதுவோர் என் நாடகத்துக்கு வர வேண்டாம் என்று விளம்பரத்திலேயே அறிவித்தவர் அவர். எவ்வளவு நேர்மையான அறிவிப்பு! நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு, முன்வரிசையிலே உட்கார்ந்துகொண்டு, 'ஐயோ புண்பட்டதே!' என்று அலறுகிறவனை அந்த ஒற்றை வரி அம்பலப்படுத்திவிட்டது. அவர் தடையை மீறினார்; வழக்குகளைச் சந்தித்தார்; சிறை சென்றார்; மறுபடி மேடையேறினார்.

அந்த 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் கழுத்தை உயர்நீதிமன்றம் நெரித்தது எப்போது? 2013இல்! எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கிலே, அதன் பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று தீர்ப்பாயிற்று. 1876ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் நீக்கியதோ 2017ஆம் ஆண்டின் நீக்கச் சட்டத்தின் மூலம். நடிகவேள் மறைந்து முப்பதாண்டுகளுக்கு மேலான பின்னும் அவருக்குப் போட்ட பூட்டு சட்டப் புத்தகத்திலே தொங்கிக்கொண்டிருந்தது. இடையிலே ஆட்சிகள் பல வந்தன. அவற்றிலே பல, மேடையாலேயே வளர்ந்தவை. பூட்டை எவரும் கழற்றவில்லை. இதை நாம் நமக்குள்ளேயே பேசிக்கொள்ள வேண்டாமா? எதிரியைச் சாடும்போது மட்டும்தான் நமக்கு நினைவாற்றலா?

பேச்சு இந்த இடத்துக்கு வந்துவிட்டதால், இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சொன்னால் சில தோழர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

'ரத்தக்கண்ணீர்' பகுத்தறிவு நாடகம் என்கிறோம். ஆம், சாதித் திமிரையும் மூடப் பழக்கத்தையும் பணக்கொழுப்பையும் அது குத்திக் கிழிக்கிறது. கட்டிய மனைவி சந்திராவைத் தன் நண்பன் பாலுவுக்கு மணம் முடித்துவைத்துவிட்டு மோகனசுந்தரம் சாகும் முடிவு, கற்பு என்ற விலங்கை உடைத்த முடிவு. இன்றும் எத்தனையோ வீடுகளிலே அதை உரக்கச் சொல்ல முடியாது. ஆனால் மோகனசுந்தரம் எதனால் அழிகிறான்? தாயை இகழ்ந்தான், மனைவியை ஒதுக்கினான், காந்தா வீடே கதியென்று கிடந்தான். ஆகவே தொழுநோய் வந்தது! பார்ப்பவன் மனத்திலே என்ன பதிகிறது? பாவம் செய்தான், உடல் அழுகிற்று. கர்மபலனைக் கிண்டல் செய்த அதே மேடையிலே, கர்மபலன் பின்வாசல் வழியாக வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது!

தொழுநோய் தண்டனையல்ல. அது ஒரு கிருமி. நார்வே நாட்டு ஹான்சன் 1873இலேயே அந்தக் கிருமியைக் கண்டு சொல்லிவிட்டார். தீயொழுக்கத்தால் வருவதன்று, பரத்தை வீட்டுப் படியேறினால் ஒட்டுவதன்று, பெரும்பாலோர் உடலிலே அதை எதிர்க்கும் வலிமை இயற்கையாகவே இருக்கிறது. ராதா மேடையிலே விரல் மடங்கிய மோகனசுந்தரமாக நின்ற அதே காலத்திலே, நம் மாவட்டத்துக்கு அண்டையில் வேலூரிலே பால் பிராண்டு என்ற மருத்துவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநாரை இடம் மாற்றி வைக்கும் அறுவையால் நிமிர்த்திக்கொண்டிருந்தார். 1955இலே கரிகிரியில் அதற்கென்றே ஆய்வு நிலையம் எழுந்தது. 1982 முதல் கூட்டு மருந்து சிகிச்சை வந்து, ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ நோயை முற்றிலும் தீர்க்கிறது. அரசு மருத்துவமனையிலே காசில்லாமற் கிடைக்கிறது. ஆயினும், தொழுநோய் என்பதை மணவிலக்குக்குரிய காரணமாகச் சட்டம் 2019 வரை வைத்திருந்தது. நோயைக் கிருமி உண்டாக்கிற்று. அந்தக் கொடுமையை உண்டாக்கியது பயம். அந்தப் பயத்துக்கு நம் மேடையும் ஒரு பிடி விறகு போட்டது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

காந்தாவும் அப்படியே. அந்தப் பெண்ணை அந்தத் தொழிலிலே தள்ளியது எது என்று நாடகம் கேட்கவில்லை. தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தமும் பாடுபட்டு, 1947இலே சென்னை மாகாணத்திலே சட்டம் கண்ட காலம் அது. ராமாமிர்தம் அம்மையார் அந்த முறையின் கொடுமையை உள்ளிருந்தே அறிந்து நாவலாக எழுதியவர். அவர் காட்டிய பரிவிலே ஒரு பங்கு காந்தாவுக்குக் கிடைத்திருந்தால் நாடகத்தின் கூர் குறைந்தா போயிருக்கும்?

இதையெல்லாம் சொல்வதால் ராதா சிறியவராகிவிடுவாரா? ஆகமாட்டார். மனிதராவார். தெய்வத்தைத்தான் விமரிசிக்க முடியாது. மனிதரை விமரிசிக்கலாம், அதற்குப் பிறகும் நேசிக்கலாம். நீங்கள் வரைந்த ஒளிவட்டம் அந்த உரிமையை நம்மிடமிருந்து பறிக்கிறது, தோழர்களே!

1967 ஜனவரி 12ஐயும் மறைக்க வேண்டியதில்லை. அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார், ராதாவும் குண்டுக் காயம் பட்டார், வழக்கு நடந்தது, ராதா தண்டனை பெற்று நான்காண்டுக்கு மேல் சிறையிலிருந்தார். இருவரும் சேர்ந்து நடித்த 'பெற்றால்தான் பிள்ளையா' அதற்கு முந்திய மாதம்தான் வெளிவந்திருந்தது. துப்பாக்கி எடுத்ததைப் பகுத்தறிவு என்று எவனும் சொல்ல முடியாது. நான் சொல்லமாட்டேன். தனி மனிதச் சினம் எப்படிப்பட்டவரையும் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு அது சான்று, அவ்வளவுதான். ஆனால் அந்த நாளை வைத்தே அவருடைய நாற்பதாண்டு மேடையை அளக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் வேறு வகைப் பக்தர்கள். பூசைக்குப் பதில் சாபம். சிறையிலிருந்து வந்தவர் தம் கதையை எழுத்தாளர் விந்தனிடம் ஒளிவுமறைவில்லாமற் சொன்னார். அது நூலாகக் கிடைக்கிறது. ஃபிளெக்ஸ் பலகைக்குக் கொடுத்த பணத்திலே எத்தனை படிகள் வாங்கியிருக்கலாம் என்று நான் கணக்குக் கேட்கப்போவதில்லை; கேட்டால் அந்த மாங்கூழ்த் தம்பி வருத்தப்படுவான்.

நெருக்கடி நிலைக் காலத்திலே, எழுபது வயதை நெருங்கிய அந்த மனிதரை மிசாவிலே பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். 1979 செப்டம்பர் 17 அன்று திருச்சியிலே மறைந்தார். பெரியார் பிறந்து சரியாக நூறாண்டு நிறைந்த நாள். இதிலே தெய்வச் செயல் எதுவுமில்லை. நாட்காட்டியிலே 365 நாட்கள்தான் உள்ளன. சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் அந்தப் பலகையிலே ஒருவர், 'ஆசானின் நாளிலே ஆசானடி சேர்ந்தவர்' என்றும் எழுதியிருந்தார்!

அந்த ஆசானே திரைப்படத்தை நாட்டைப் பிடித்த நோய்களுள் ஒன்றாக எண்ணியவர் என்பது அதை எழுதிய தோழருக்குத் தெரியுமோ, தெரியாதோ. நோய் என்று எண்ணியவர்தான் ராதாவைத் தோழராகக் கொண்டார்; சென்னைப் பெரியார் திடலிலே அவர் பெயரால் மன்றமே எழுந்தது. முரணா? இல்லை. அவர் மதித்தது முகத்தையல்ல. அந்த முகத்தால் ஆன வேலையை.

எங்கள் வட்டாரத்தின் இயல்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒசூர்ப் பக்கம் போனால் ஒரே தெருவிலே தமிழும் தெலுங்கும் கன்னடமும் கேட்கும். ஒரே பெட்டிக்கடையிலே மூன்று மொழியிலும் கடன் சொல்லலாம். 'ரத்தக்கண்ணீர்' இந்த மூன்று மொழியிலும் வாழ்ந்தது. தெலுங்கிலே நாகபூஷணம் அதை நாடகமாக நடத்தி, 'ரக்த கண்ணீரு நாகபூஷணம்' என்றே பெயர் பெற்றார். கன்னடத்திலே 2003இல் உபேந்திரா நடித்துப் படமாயிற்று. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் காவிரி நீருக்காகக் கைகலந்தவர்கள், ஒரே மோகனசுந்தரத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

சாதியும் அப்படியே எல்லை தாண்டுகிறது. 2018 நவம்பரிலே ஒசூரை அடுத்த ஓர் ஊரின் இளம் இணையர், சாதி மறுத்து மணம் செய்துகொண்ட குற்றத்துக்காகக் கடத்திக் கொல்லப்பட்டார்கள். கர்நாடகத்திலே சிவனசமுத்திரத்துப் பக்கம் காவிரியிலே உடல்கள் கிடைத்தன. அன்று காலை ஏட்டிலே அந்தச் செய்தி வந்தபோது, அன்றிரவு அதை மேடையிலே பேச நம் வட்டாரத்திலே எத்தனை மேடை இருந்தது? ஒன்றைக் காட்டுங்கள்! இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்திலே பள்ளிப் படிப்பை முடிக்காத பெண் பிள்ளைகளுக்குத் தாலி கட்டும் கொடுமை இன்னும் ஓய்ந்தபாடில்லை. எந்தக் கூத்திலே, எந்த நாடகத்திலே, அந்தப் பிள்ளையின் குரலைக் கேட்டோம்? மின்வண்டியும் காலணியும் உலகச் சந்தைக்குப் போகின்றன எங்கள் ஊரிலிருந்து. அந்தத் தொழிற்சாலைகளிலே வேலைக்குப் போகும் பெண்கள் ஆயிரக்கணக்கில். கூலியை வீட்டிலே யார் வாங்கி எண்ணுகிறார்கள்? அந்தப் பெண் தான் விரும்பியவனை மணக்கலாமா? இதைக் கேட்கிற மோகனசுந்தரம் எங்கே?

இதையெல்லாம் அந்தப் பலகையின் முன்னாலேயே சொன்னேன், இவ்வளவு கோவையாகச் சொல்லவில்லை, கோபமாகச் சொன்னேன். கூட்டம் சேர்ந்துவிட்டது. கருஞ்சட்டைத் தம்பி தலைகுனிந்து நின்றான். ஆனால் கல்லூரித் தம்பி விடவில்லை.

"அண்ணா, தெய்வம்னு எழுதுனது தப்பு. ஒத்துக்கறேன். ஆனா படமே வைக்காம இருந்தா, நேத்துப் பொறந்தவனுக்கு ராதா யாருன்னு எப்படித் தெரியும்? அந்தப் பக்கம் நாப்பதடிக்கு வைக்கிறாங்க. நாம நாலடிக்காவது வைக்க வேண்டாமா?"

நியாயமான கேள்வி. என்னிடம் உடனடிப் பதில் இல்லை. மோகனசுந்தரமே தன் முடிவிலே தனக்குச் சிலை கேட்டவன்தானே என்று அவன் திருப்பிக் கேட்டிருந்தால் என் பாடு இன்னும் திண்டாட்டமாகியிருக்கும். அந்தச் சிலை தொழுவதற்கல்ல, பார்த்துத் திருந்துவதற்கு என்று சொல்லியிருப்பேன். ஆனால் சிலைக்கும் ஊருக்கும் உள்ள உறவு எப்போதும் அப்படியா இருக்கிறது? பெரியாருக்கு நாம் வைத்த சிலைகளின் கழுத்திலே மாலை ஏறும் நாளிலே, சிலையடியிலே எழுதியிருப்பதைப் படிப்பவர் எத்தனை பேர்?

ஒளிவட்டத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டினார்கள். 'தெய்வமே' என்ற சொல்லையும் 'திருவடி' என்ற சொல்லையும் மறைத்தார்கள். தாள் பசை காயும்முன் காற்று ஒரு மூலையைக் கிளப்பியது. உள்ளே பாதி 'தெய்' தெரிந்துகொண்டே இருந்தது. வாளிப் பால் தேநீர்க் கடைக்குப் போயிற்று. கடைக்காரர் ஆளுக்கொரு டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரைக்குத் தனியாகக் காசு வாங்கிக்கொண்டார்.

டீ குடிக்கையிலே பேச்சு நாடகத்துக்குத் திரும்பிற்று. தொழுநோய் இல்லாமல் 'ரத்தக்கண்ணீரை' எப்படி முடிப்பது என்று வாதம் வந்தது. குடியால் ஈரல் கெடட்டும் என்றான் ஒருவன். அதுவும் நோயைத் தண்டனையாக்குவதுதான் என்றான் மற்றவன். மோகனசுந்தரம் நோய் எதுவுமின்றி நல்ல உடம்போடு, செய்ததையெல்லாம் நினைத்துக்கொண்டு வாழட்டும் என்றான் காலணித் தொழிற்சாலைத் தம்பி. அது பார்க்கிறவனுக்குப் பொறுக்காதே என்றேன். "அதுக்குத்தான் அண்ணா" என்றான். ஊத்தங்கரைப் பேருந்து வந்துவிட்டது. வருகிற ஞாயிறு மாலை, அவன் ஷிப்டு மாறிய பிறகு, மறுபடி உட்காருவது என்று முடிவாயிற்று. காந்தா வேடத்துக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.